ஜப்பானில் ஹலால்: பன்றியை ஒதுக்கினால் போதுமா?

கேள்வி, 11 ஜனவரி 2025

மச்சானுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, டோக்கியோவில் வேலை கிடைத்திருக்கிறது. ஏப்ரலில் நானும் மகனும் போகிறோம். சாப்பாட்டுக்கு என்ன செய்வாய் என்று ஊரில் எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். எனக்குத் தெரிந்து ஜப்பான்காரர்கள் சாப்பிடுவது சோறு, மீன், சோயா. பன்றிக்கறியை மட்டும் ஒதுக்கிவிட்டால் மற்றதெல்லாம் நமக்கு ஆகும்தானே? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

11 ஜனவரி, இரவு

ஆகாது. பன்றிக்கறி தட்டில் கிடந்தால் பார்த்ததும் தெரிந்துவிடும். அடுப்புப் பக்கத்தில் நிற்கும் பாட்டில்களில்தான் சிக்கல். அரிசி மதுவான சாகே ஒன்று, இனிப்பான மிரின் இன்னொன்று. மீனை வேகவைத்தாலும், கீரையைக் கிளறினாலும், முட்டையைச் சுருட்டினாலும் இவற்றில் ஒன்று ஒரு கரண்டியாவது விழும். அசல் மிரினில் 14 சதவீதம் அளவுக்கு ஆல்கஹால் உண்டு. நீ சொன்ன அதே சோறு, மீன், சோயாவுக்குள் இது இருக்கும். சமைத்தவரிடம் "இதில் மது இருக்கிறதா" என்று கேட்டால் மனசார இல்லை என்பார், ஏனென்றால் அவர் கணக்கில் அது மசாலா.

நான் கீழக்கரைக்காரி. இருப்பது டோக்கியோவில் நிஷி-கசாய் பக்கம். மற்றதைக் காலையில் எழுதுகிறேன்.

12 ஜனவரி

கடைக்குப் போனால் மூன்று வகைப் பாட்டில்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அசல் மிரின், சட்டப்படி மதுவகை. அடுத்தது 'மிரின் மாதிரி' சுவையூட்டி, ஆல்கஹால் 1 சதவீதத்துக்குக் கீழே, பெரும்பாலும் சர்க்கரைப்பாகு. மூன்றாவது சமையல் சாகே. இதில்தான் கவனம் வேண்டும். குடிக்க முடியாதபடி உப்பைப் போட்டு மதுவரிக்கு வெளியே கொண்டுவந்து சோயா சாஸ் தட்டிலேயே அடுக்கிவைத்திருப்பார்கள். ஆல்கஹால் அப்படியே இருக்கும்.

நான் மூன்றையும் வாங்குவதில்லை. மிரினுக்குப் பதில் சர்க்கரை, தண்ணீர், சில சொட்டு அரிசி வினிகர். சாகேயின் வேலை மீன் வாடையை எடுப்பது. அதற்கு உப்பு தடவிப் பத்து நிமிடம் வைத்து, ஊறிய நீரைத் துடைத்துவிட்டு, மேலே வெந்நீரை ஊற்றி எடுத்தால் போதும். இஞ்சி இரண்டு துண்டு. நம் வீட்டில் மீன் கழுவுகிற அக்கறையில் பாதி இருந்தால் சாகேக்கு வேலையே இல்லை.

12 ஜனவரி, சற்றுப் பின்

வினிகரைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். காடியே (வினிகரே) சிறந்த ஆணம் (குழம்பு) என்ற நபிமொழி ஸஹீஹ் முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. சாதா அரிசி வினிகர் சரி. 'சூஷி வினிகர்' என்று கலந்து விற்பதில் மட்டும் லேபிளைப் பார்க்க வேண்டும், சிலவற்றில் மிரின் இருக்கும்.

14 ஜனவரி

"கொதித்தால் ஆல்கஹால் எல்லாம் ஆவியாகிவிடும், எதற்கு இந்த அலட்டல்" என்று கேட்ட காயல்பட்டினத்துக் காக்காவுக்கு (அண்ணனுக்கு):

போகாது. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணை ஒன்று உண்டு. கலந்து 15 நிமிடம் வேகவைத்தால் 40 சதவீதம் மிஞ்சும். ஒரு மணி நேரத்துக்கு 25 சதவீதம். இரண்டரை மணி நேரம் வைத்தும் 5 சதவீதம் நிற்கிறது. தெரியாகி என்கிற இனிப்புச் சாறு பூசிய கறியைச் சட்டியில் புரட்டுவது ஐந்து நிமிடம். இது வேதியியல் மட்டும்தான். நம் ஷாஃபி மத்ஹபில், அதாவது நாம் பின்பற்றும் மார்க்கச் சட்ட வழியில், மதுவே நஜீஸ், ஒட்டிய பொருளும் அசுத்தம் என்கிற பேச்சு தனி. மிஞ்சும் சதவீதம் பார்த்து அது தீராது.

சோயா சாஸ் வேறு கதை. புளிக்கும்போது ஈஸ்ட் தானாகவே கொஞ்சம் ஆல்கஹாலை உண்டாக்குகிறது, 2 சதவீதம் வரை வரும். யாரும் மதுவை ஊற்றவில்லை. அதன்மேல், கெடாமல் இருக்கத் தனியாக ஆல்கஹால் சேர்க்கிற கம்பெனிகளும் உண்டு. முதலாவதைப் பெரும்பாலான ஆலிம்கள் விட்டுவிடுகிறார்கள். இரண்டாவதில் கருத்து வேறுபாடு. நான் ஆலிமா இல்லை, சண்டைக்கு வராதீர்கள். ஹலால் முத்திரை போட்ட சோயா சாஸ் ஜப்பானிலேயே தயாராகிறது, ஆன்லைனில் வாங்கலாம். கொஞ்சம் விலை அதிகம்தான், ஆனால் ஒரு பாட்டில் வெகுநாள் வரும். புளித்த சோயா விழுதான மிசோவிலும் இதே கதை: புளிப்பதை நிறுத்த ஆல்கஹால் சேர்ப்பார்கள், சேர்க்காததும் கிடைக்கும். ஹிகாரி மிசோ கம்பெனி 2012இலேயே ஹலால் சான்றிதழ் வாங்கிவிட்டது.

15 ஜனவரி

லேபிள் படிக்கத் தெரியாதே என்று புலம்பியவருக்கு. ஜப்பானிய மொழி முழுக்கத் தெரிய வேண்டாம். மதுவுக்கான எழுத்து: இடப்புறம் மூன்று சொட்டு நீர், வலப்புறம் ஒரு ஜாடி. சேர்க்கப்பட்ட ஆல்கஹாலுக்கும் முதல் எழுத்து இதுவே. ஆனால் ஜாடியை மட்டும் பார்த்துவிட்டுப் பாக்கெட்டைக் கீழே வைக்காதே. வினிகர், ஈஸ்ட், சோயா சாஸ் எல்லாவற்றிலும் அந்த ஜாடி உட்கார்ந்திருக்கும். சொட்டும் ஜாடியும் சேர்ந்து வந்தால்தான் மது.

பன்றிக்கான எழுத்தை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வை. அது தனியாக வந்தாலும், கொழுப்பு, எலும்பு என்று இன்னொன்றோடு சேர்ந்து வந்தாலும் ஒன்றே. அப்புறம் கத்தகானா எழுத்தில் வருகிற 'ராடோ', அதாவது பன்றிக்கொழுப்பு. 'ஷோட்டோனிங்கு' (ஷார்ட்டனிங், கெட்டிக் கொழுப்பு) என்று போட்டிருந்தால் தாவரமா விலங்கா தெரியாது. ஜெலட்டின் விலங்கிலிருந்துதான், எந்த விலங்கு என்று தெரியாது. பால்மமாக்கி (எமல்சிஃபையர்) என்று ஒரு சேர்க்கை ரொட்டி, சாக்லேட் எல்லாவற்றிலும் வரும், பக்கத்தில் 'சோயாவிலிருந்து' என்று போட்டிருந்தால் நிம்மதி.

போன் கேமராவால் மொழிபெயர்த்துப் பார்க்கலாம். இருந்தாலும் மங்கிய வெளிச்சத்தில் பளபளக்கிற பாக்கெட்டில் அது உளறும். ஒரு பிஸ்கட்டில் "சந்தோஷமான பன்றி" என்று காட்டியது. அது பிஸ்கட்டின் பெயரா உட்பொருளா என்று இன்றுவரை தெரியாது. வாங்கவில்லை.

15 ஜனவரி, இன்னொன்று

ஒவ்வாமைப் பட்டியலை நம்பி இருக்காதே. கோதுமை, முட்டை, பால், இறால், நண்டு என்று சில பொருள்களைத்தான் கட்டாயம் குறிப்பிட வேண்டும். பன்றியும் ஜெலட்டினும் 'குறிப்பிடுவது நல்லது' என்ற இரண்டாம் பட்டியலில்தான் உள்ளன. பாக்கெட்டின் பின்னால் வாடிக்கையாளர் தொலைபேசி எண் இருக்கும். கூப்பிட்டால் விசாரித்துத் திரும்பக் கூப்பிட்டுச் சொல்வார்கள். இந்த ஒழுங்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பேச ஜப்பானிய மொழி வேண்டும், அது ஒன்றுதான் கஷ்டம்.

19 ஜனவரி

"வேகன் என்று போட்டதை வாங்கினால் முடிந்ததே" என்று ஒரு லாத்தா (அக்கா). முடியவில்லை லாத்தா. வேகன் என்றால் விலங்கு இல்லை என்றுதான் அர்த்தம், மது தாவரத்திலிருந்து வருகிறது. புத்த மடங்களின் ஷோஜின் சமையலில் வெங்காயம் பூண்டு கூடக் கிடையாது, ஆனால் சாகேயும் மிரினும் விழும். பார்த்துத்தான் சாப்பிட வேண்டும்.

20 ஜனவரி

கறி எங்கே வாங்குவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஷின்-ஓக்குபோ ஸ்டேஷனில் இறங்கினால் பக்கத்துச் சந்துக்கே 'இஸ்லாம் யொக்கோச்சோ' என்று பெயர். வங்காளதேசம், நேபாளம், பாகிஸ்தான் கடைகள் வரிசையாக இருக்கும், ஆடு, மாடு, பாஸ்மதி, மல்லித்தழை எல்லாம் கிடைக்கும். உயேனோவுக்கு அடுத்த ஒக்காச்சிமாச்சியில் பள்ளிவாசலும் ஹலால் கடைகளும் உண்டு. யொயோகி-உயேஹாராவில் இருக்கிற டோக்கியோ ஜாமியிலும் ஹலால் கடை இருக்கிறது. அந்தப் பள்ளி முதலில் 1938இல் கட்டியது, இப்போதுள்ள கட்டடம் 2000இல் திறந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகிற ஆண்கள் கையில் ஒரு பையைக் கொடுத்தனுப்பலாம்.

எல்லாவற்றையும் விட எளிது, கியோமு சூப்பர் என்கிற கடையின் கிளைகளில் கிடைக்கிற பிரேசில் உறைகோழி. பையில் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார். 2 கிலோ தொடைக்கறி ஒரே பலகையாக உறைந்திருக்கும். அவசரத்துக்கு வெந்நீரில் போட்டால் வெளியே வெந்து உள்ளே கல்லாக இருக்கும். முதல்நாள் இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டில் தட்டோடு வைத்துவிடு. காலையில் ஓரங்கள் பிரிந்து வரும், நடு மட்டும் லேசாகக் கடினமாக இருக்கும்போதே கத்தி நன்றாக இறங்கும். நான்கு பங்காக்கி, மூன்றைத் திரும்ப உறையவைக்காமல் அன்றே அரைவேக்காடாக மஞ்சள் உப்போடு வதக்கிப் பிறகு உறையவைப்பேன்.

ஊரிலிருந்து உப்புக்கண்டம் கொண்டுவராதே. எந்த இறைச்சிப் பொருளும் விமான நிலையத்தில் நிற்கும். பச்சைக் கறிவேப்பிலையும் அப்படித்தான். கருவாடு, மாசி என்கிற காய்ந்த சூரை மீன் பிரச்சினை இல்லை.

22 ஜனவரி

மாசி என்று எழுதியதும் நினைவு வந்தது. இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

ஜப்பானிய சமையலுக்கு அடிப்படை தாஷி. கொம்பு என்கிற கடல் இலை 10 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மெல்லிய தீயில் சூடாக்கிக் கொதிக்கும் முன் எடுத்துவிட வேண்டும். அப்புறம் கட்சுவோபுஷிச் சீவலை 20, 30 கிராம் போட்டு, அடியில் இறங்கியதும் வடிகட்ட வேண்டும். இந்தக் கட்சுவோபுஷி என்ன? சூரை மீன். வேகவைத்து, புகைபோட்டு, மரக்கட்டையாகிற வரை காயவைத்தது. மாலத்தீவு மாசியும் அதே மீன், அதே வேகவைப்பு, புகை, வெயில். உயர்ந்த ரகக் கட்சுவோபுஷிக்கு மேலே பூஞ்சணம் பிடிக்கவைத்து இன்னும் காயவைப்பார்கள், அது ஒன்றுதான் வித்தியாசம். அவர்கள் உளிப்பெட்டியில் சீவுகிறார்கள், நாம் உரலில் இடிக்கிறோம்.

உம்மா கொடுத்தனுப்பிய மாசியைச் சீவத் தெரியாமல் துண்டாகத் தட்டிப் போட்டுத் தாஷி வைத்தேன். கட்சுவோபுஷியைவிடப் புகை அதிகம், நிறம் கொஞ்சம் கலங்கல். மிசோ கரைத்ததும் ஒன்றும் தெரியவில்லை. வாயில் வைத்ததும் ஊர் மாசிச் சம்பல் மூக்கில் ஏறியது. கடைத் தாஷிப் பொடிகளில் என்னென்ன சேர்க்கை என்று பார்த்துப் பார்த்துக் கண் வலித்தவர்களுக்கு இது பெரிய விடுதலை. மீனும் இலையும் தண்ணீரும் மட்டும்தான், இதில் என்ன சந்தேகம் வரப்போகிறது.

மாசி வாசமே பிடிக்காத என் உத்தமபாளையத்து மாமி, "இது ஜப்பான் சூப்" என்று சொன்னதும் இரண்டு கிண்ணம் குடித்தார். நான் எதுவும் சொல்லவில்லை.

26 ஜனவரி

சூஷி பற்றி. ஓட்டலில் சோற்றுக்கான கலவை, விலாங்கு மீன் மேல் பூசுகிற சாறு, முட்டைச் சுருள், மேஜைமேல் உள்ள சோயா சாஸ் நான்கையும் கேட்க வேண்டும். வீட்டில் செய்வது சுலபம். ஜப்பான் அளவுக் குவளை 180 மி.லி. இரண்டு குவளை அரிசிக்கு 50 மி.லி. அரிசி வினிகர், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி உப்பு. சோறு சூடாக இருக்கும்போதே கலந்து விசிறிவிடு. நோரி என்கிற கடல் இலைத் தாளையும் வெள்ளரியையும் நடுவில் வைத்துவிட்டால் ஆளுக்காள் சுற்றிச் சாப்பிட்டுக்கொள்வார்கள். பச்சை மீன் பிடிக்காதவர்களுக்கு உப்புத் தடவிச் சுட்ட சால்மன்.

27 ஜனவரி

இப்போது மத்ஹபுச் சண்டை. ஆரம்பித்தது நான் இல்லை.

நான் ஷாஃபி, என் மச்சான் ராவுத்தர், ஹனஃபி. எங்கள் கடற்கரையில் கடலில் வாழ்வதெல்லாம் சாப்பாடு, கணவாய் இல்லாமல் கல்யாணமா? ஹனஃபியில் மீன் மட்டும்தான். கணவாய், ஆக்டோபஸ், சிப்பி, நண்டு கூடாது. இறால் மீனா இல்லையா என்று பழைய அறிஞர்களே பிரிந்து நிற்கிறார்கள். அவர் வீட்டில் சாப்பிடுவார்கள். ஊரில் இது பெரிய விஷயமாக இல்லை. ஜப்பானில் மெனு கார்டில் பாதி இதுதான். ஒரே ஹலால் கடையில் எனக்கு ஆகிற தட்டு அவருக்கு ஆகாது. "அப்போது உனக்கே இரண்டு பங்கு" என்று தாராளமாகச் சொல்வார், பில்லை மட்டும் அவரே பார்ப்பார்.

உங்கள் வீட்டில் என்ன வழக்கம் என்று உங்கள் ஆலிமிடம் கேளுங்கள்.

2 பிப்ரவரி

ஓட்டல்களே இல்லையா என்றால் இருக்கின்றன. அசகுசாவில் நாரித்தாயா கடை கோழிச் சாறு ராமென் (நூடுல்ஸ்) போடுகிறது. குழம்புச்சோறு விற்கிற கோகோ இச்சிபான்யாவின் அகிஹபாரா ஹலால் கிளை 2017இல் திறந்தது. கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள், இங்கே கடைகள் சத்தமில்லாமல் மாறும்.

'முஸ்லிம் பிரெண்ட்லி' என்ற பலகைக்கு ஒரே அர்த்தம் இல்லை. ஓரிடத்தில் கறி ஹலால், ஆனால் பீர் விற்பார்கள். இன்னோரிடத்தில் பன்றி இல்லை என்பதோடு சரி. எங்கள் பேட்டையில் ஒரு கடையில் அந்தப் பலகை தொங்கியது. கேட்டால், கோழி ஹலால்தான், பொரிக்கும் எண்ணெய் மட்டும் பன்றிக் கட்லெட்டுக்கும் ஒன்றே என்று சிரித்த முகத்தோடு சொன்னார் அந்தப் பெரியவர். மறைக்கவில்லை. கேட்டதால் சொன்னார். அதனால் மூன்று கேள்வி மட்டும் பாடமாக்கி வை: கறி எங்கிருந்து, சாறில் மது உண்டா, எண்ணெயும் சட்டியும் தனியா.

3 பிப்ரவரி

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வேலூர்த் தம்பி, "இவ்வளவு கேட்டால் கடைக்காரன் துரத்தமாட்டானா" என்கிறார். துரத்தமாட்டார், ஆனால் கூட்ட நேரத்தில் கேட்காதே. பகல் இரண்டரை மணிக்குப் போனால் சமையற்காரரே வெளியே வந்து பாட்டிலைக் காட்டுவார். பல கடைகள் அந்த நேரத்தில் மூடியும் இருக்கும், அது உன் பாடு.

யோசித்துப் பார்த்தால், தனி ஆளாக இருந்திருந்தால் நான் இவ்வளவு கேட்டிருப்பேனா தெரியவில்லை. பிள்ளைகள் வந்த பிறகுதான் கேள்வி கூடியது.

9 பிப்ரவரி

மகனைப் பற்றிக் கேட்டிருந்தாய். தொடக்கப்பள்ளியில் எல்லாருக்கும் ஒரே மதிய உணவு. மாதத் தொடக்கத்திலேயே நாள்வாரியாக மெனு தாள் வரும். சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, ஆகாத நாள்களுக்கு வீட்டிலிருந்து அதே போல ஒன்றைச் செய்து கொடுப்போம். வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். பிள்ளைகளுக்குச் சுவை முக்கியமில்லை, பக்கத்துப் பையன் தட்டில் இருப்பதும் தன் தட்டில் இருப்பதும் ஒரே நிறமாக இருக்க வேண்டும்.

கறிச்சோறு, அதாவது ஜப்பான் குழம்புச்சோறு போடுகிற நாள்தான் கலாட்டா. கடையில் விற்கிற கறிக் கட்டிகளில் மாட்டுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் கலந்த எண்ணெய் இருப்பது சகஜம். நாமே செய்துவிடலாம். நான்கு பேருக்கு நான்கு மேசைக்கரண்டி வெண்ணெய், அதே அளவு மைதா, தேன் நிறம் தாண்டிப் பழுப்பு வரும்வரை சிறுதீயில் பதினைந்து நிமிடம் கிளறு. கை வலிக்கும், விடாதே. இறக்கி ஒன்றரைக் கரண்டி கறித்தூள். எஸ் அண்ட் பி சிவப்பு டின்னில் மசாலா மட்டும்தான், ஆரஞ்சுத் தோல்கூட உண்டு. வெந்த கோழி, உருளை, காரட் சாற்றில் இதைக் கரைத்து, அரை ஆப்பிளைத் துருவிப் போடு. ஆமாம், கீழக்கரைக்காரி ஜப்பான்காரனிடம் கறித்தூள் வாங்குகிறாள். உம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

23 பிப்ரவரி

ரமலான் வருகிறது. நோன்புக் கஞ்சிக்கு எந்த அரிசி என்று கேட்டார்கள். ஜப்பான் அரிசியே போதும், தானாகக் குழையும், உடைக்க வேண்டாம். தண்ணீர் மட்டும் தாராளமாக வை, இல்லாவிட்டால் மஃரிபுக்குள் (நோன்பு திறக்கும் நேரத்துக்குள்) களியாகிவிடும்.

கடல்பாசி (அகர் அகர்) இனிப்புக்கு ஊரிலிருந்து பாக்கெட் கொண்டுவரத் தேவையே இல்லை. இங்கே அது கான்டென். நாகானோ மலைப்பகுதியில் சினோ ஊர்ப் பக்கம் குளிர்காலத்தில் வயலில் பரப்பி, இரவில் உறைய, பகலில் உருகிக் காயவிட்டுக் கட்டையாக்குகிறார்கள். சூப்பர் மார்க்கெட்டில் வெள்ளைக் கட்டையாகவும் பொடியாகவும் கிடைக்கும். கட்டையைப் பிய்த்து ஊறவைத்துப் பிழிந்து, நன்றாகக் கொதித்துக் கரைந்த பிறகுதான் சர்க்கரையும் பாலும். முந்திப் பாலைச் சேர்த்தால் கரையாமல் நூல் நூலாக நிற்கும். ஜெலட்டின் பயத்தால் புட்டிங், ஜெல்லி எதையும் தொடாத என் பிள்ளைகளுக்கு யோகன், அன்மித்சு என்கிற இரண்டு இனிப்பும் இதனால்தான் பிடித்துப்போயின. ஆனாலும் லேபிள். சில அன்மித்சு டப்பாவில் மேலே வைக்கிற மற்ற இனிப்புகளைப் பார்க்க வேண்டும்.

16 மார்ச்

எல்லாரும் நோன்பில் மும்முரம், இழை தூங்குகிறது. நிஷி-கசாய் பக்கம் மஃரிப் ஆறு மணிக்குச் சற்று முன். அலுவலகத்திலிருந்து வருகிறவர்களுக்கு ரயிலிலேயே நோன்பு திறக்கிற நிலைமை. பேரீச்சம்பழமும், வீட்டில் பிடித்த உப்பு ஒனிகிரியும் (சோற்று உருண்டையும்) பையில் வை. கடை ஒனிகிரியில் உள்ளே வைக்கிற பொருளுக்கு சோயா, மிரின் சேரும். நடுவில் புளிப்பு உமே ஊறுகாய் அல்லது நேற்று மிஞ்சிய மீன் வறுவலை உதிர்த்து வை. சீலாவை, அதாவது வஞ்சிரத்தை, வறுத்து உதிர்த்தால் அடுத்த நாள் பொழுது கழிந்துவிடும், இங்கே 'சவாரா' என்று விற்பது அந்த இனத்தது.

5 ஏப்ரல்

ஆக்டோபஸ் உருண்டை சுடுகிற டாக்கோயாகிக் குழிச் சட்டி வாங்கலாமா என்று கேட்கிறாய். கண்டிப்பாக வாங்கு. ஆக்டோபஸ் போட்டாலும் போடாவிட்டாலும் அது பணியாரச் சட்டிதான், என்ன, குழி கொஞ்சம் ஆழம், வட்டம் அதிகம். இரும்பில் வாங்கு. மாவு: மைதா ஒரு கப், முட்டை இரண்டு, மாசித் தாஷி இரண்டேமுக்கால் கப், தண்ணீராக இருக்கிறதே என்று பயப்படாதே. எனக்கு ஆக்டோபஸ், மச்சானுக்குக் கோழி. சட்டியில் எந்தக் குழி யாருடையது என்பதற்கு இடப்பக்கம் வலப்பக்கம் என்று பிரித்துக் குச்சியும் தனித்தனியாக வைத்திருக்கிறோம். மேலே ஊற்றுகிற கருப்பு சாஸ் பாட்டிலைத் திருப்பிப் பார். நான் சோயா, தக்காளி சாஸ், புளி, வெல்லம் நான்கையும் சுண்டவைத்துக்கொள்கிறேன்.

நாத்தோ பற்றி யாரோ கேட்டிருந்தார்கள். அவித்த சோயா, பாக்டீரியா போட்டுப் புளிக்கவைத்தது. கூட வருகிற சின்னச் சாஸ் பாக்கெட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு உன் சோயா சாஸை ஊற்றிக்கொண்டால் ஹலாலுக்குத் தடை இல்லை. வாசனைக்கு நான் பொறுப்பில்லை.